டர்னரின் வீட்டில் ஹன்னா

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களை எடுத்துவிட்டு, படிக்க வசதியாக லேசாகத் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு வாய்ஸ் மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்குது.

போன மாசம் வேற எதையோ பேசிட்டு இருக்கும்போது, நடுவுல, “மிஸ்டர் டர்னர்னு ஒரு படம் இருக்கு, ரொம்ப அழகான படம், கண்டிப்பா பாருங்க”ன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டேன். நாலு நாள் கழிச்சு ஒரு நேயர்கிட்ட இருந்து மெசேஜ் வந்துச்சு. அவங்க கேட்டது இதுதான்: “நீங்க சொன்னீங்கன்னு நம்பி உக்காந்தேன். முக்கால் மணி நேரத்துல நிறுத்திட்டேன். வீட்டுல வேலை செய்ற அந்தப் பொண்ணை அவர் நடத்துற விதத்தைப் பார்க்க முடியல. இதை எப்படிங்க அழகான படம்னு சொன்னீங்க?”

உண்மையைச் சொல்றேன், உடனே பதில் சொல்லத் தெரியல. முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தப்போ எனக்கு ஞாபகத்துல நின்னதெல்லாம் கடலும், வானமும், அந்த மஞ்சள் வெளிச்சமும்தான். அந்தப் பொண்ணு இருந்தாங்கன்னு தெரியும். ஆனா அவங்க முகம் ஞாபகம் வரல. அது எனக்கே உறுத்துச்சு. அதனால ரெண்டு வாரத்துல படத்தை மறுபடி ரெண்டு தடவை பார்த்தேன். அதோட விளைவுதான் இந்த எபிசோட். படத்தோட முடிவு வரைக்கும் பேசப் போறேன், அதனால பார்க்காதவங்க வேணும்னா பார்த்துட்டு வாங்க. பார்க்காம கேட்டாலும் ஒண்ணும் கெட்டுப் போகாது. இது சஸ்பென்ஸை நம்பி எடுத்த படம் கிடையாது.

முதல்ல, யார் இந்த டர்னர்?

ஜோசஃப் மாலர்ட் வில்லியம் டர்னர். 1775இல் லண்டனின் கோவென்ட் கார்டன் பகுதியில் பிறந்தவர். அப்பா முடிதிருத்துபவர், பொய்முடி செய்து விற்பவர். பையன் வரைந்த படங்களைத் தன் கடையிலேயே மாட்டி வைத்து விற்ற அப்பா அவர். அம்மாவுக்கு மனநோய். 1800இல் அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள், 1804இல் இறந்துபோனார்.

டர்னர் 14 வயதில் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்தார். 1802இல், அதாவது 27 வயதுக்குள், அகாடமியின் முழு உறுப்பினர் ஆகிவிட்டார். அன்றைய இங்கிலாந்தில் ஒரு ஓவியனுக்கு அதற்கு மேல் அங்கீகாரம் கிடையாது. முடிதிருத்துபவரின் மகன் அவ்வளவு சீக்கிரம் அந்த இடத்துக்குப் போனது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் கடைசி வரை அவருடைய பேச்சில் அந்தத் தெருவின் வாடை போகவே இல்லை என்று சொல்வார்கள்.

இன்னைக்கு இங்கிலாந்துல அவர் எவ்வளவு பெரிய ஆளுன்னா, 2020ல வெளிவந்த 20 பவுண்டு நோட்டுல அவர் முகம்தான் இருக்கு. அவர் பேருல டர்னர் பரிசுன்னு ஒரு விருது 1984ல இருந்து கொடுக்குறாங்க. ‘ஸ்கைஃபால்’ படத்துல ஜேம்ஸ் பாண்டும் க்யூவும் முதல் முறையா சந்திக்கிற சீன் ஞாபகம் இருக்கா? ஒரு மியூசியத்துல ஒரு பழைய கப்பல் ஓவியத்துக்கு முன்னாடி உக்காந்திருப்பாங்க. அந்த ஓவியம் டர்னரோடது. அதைப் பத்தி அப்புறம் வர்றேன்.

கதையே இல்லாத ஒரு படம்

‘மிஸ்டர் டர்னர்’ 2014இல் வந்தது. இயக்கியவர் மைக் லீ. டர்னராக நடித்தவர் டிமோதி ஸ்பால். ஹாரி பாட்டர் பார்த்தவங்களுக்கு இவரை நல்லாத் தெரியும். எலியா மாறுற பீட்டர் பெட்டிக்ரூ, அவரேதான். இந்தப் படத்துக்காக அவருக்குக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஆஸ்கருக்கு நான்கு பிரிவுகளில் பரிந்துரை: ஒளிப்பதிவு, உடை, தயாரிப்பு வடிவமைப்பு, இசை. ஒன்றும் கிடைக்கவில்லை.

வழக்கமான வாழ்க்கை வரலாற்றுப் படம் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும். சின்ன வயசுல ஒரு அவமானம். யாரும் நம்பல. ஒரு குரு வர்றார். இன்டர்வெல்லுக்கு முன்னாடி முதல் வெற்றி. அப்புறம் ஒரு சறுக்கல், கடைசியில கைத்தட்டல். டர்னர் வாழ்க்கையில இதெல்லாம் இருந்துச்சு, எடுத்திருக்கலாம். மைக் லீ அந்த முதல் பாதியையே தூக்கிப் போட்டுட்டார். படம் ஆரம்பிக்கும்போதே டர்னருக்கு ஐம்பது வயசு ஆகப்போகுது. பணம் இருக்கு, பேர் இருக்கு, தொப்பையும் இருக்கு. சாதிக்க வேண்டியதெல்லாம் சாதிச்சாச்சு. இனிமே என்ன?

அங்கிருந்து 1851இல் அவர் இறக்கும் வரை ஏறக்குறைய 25 வருடங்களை இரண்டரை மணி நேரத்தில் சொல்கிறது படம். ஒரு சீனுக்கும் அடுத்த சீனுக்கும் நடுவுல சில சமயம் ஒரு நாள் போயிருக்கும், சில சமயம் வருஷங்கள் போயிருக்கும். எது எந்த வருஷம்னு நமக்கு யாரும் சொல்றதில்ல. நரை கூடுது, மூச்சு வாங்குது, அப்பா செத்துப் போறார். அப்படித்தான் காலம் நகர்றது தெரியுது. நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு வயசாகறதும் நமக்கு அப்படித்தானே தெரியுது? ஊருக்குப் போறப்போ திடீர்னு ஒரு நாள் அப்பா மாடிப்படியில நின்னு நின்னு ஏறுறதைப் பார்ப்போம்.

மைக் லீ வேலை செய்யும் முறையும் இதற்கு ஒரு காரணம். அவர் எழுதி முடித்த திரைக்கதையோடு படப்பிடிப்புக்குப் போகிறவர் இல்லை. நடிகர்களோடு மாதக்கணக்காக உட்கார்ந்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் பேசிப் பேசி, நடித்து நடித்து உருவாக்குவார். காட்சிகள் அந்த ஒத்திகையில்தான் பிறக்கும். டிமோதி ஸ்பால் இதற்காக ஏறக்குறைய இரண்டு வருடம் ஓர் ஓவிய ஆசிரியரிடம் வரையக் கற்றுக்கொண்டார். அதனால படத்துல அவர் தூரிகையைப் பிடிக்கிறப்போ நடிக்கிற மாதிரியே தெரியாது. கட்டை விரலால தேய்க்கிறார், கேன்வாஸ் மேல எச்சில் துப்பி வர்ணத்தைக் கரைக்கிறார். ஒரு மேஸ்திரி சுவத்துக்குப் பூசுற மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு, இந்த டர்னர் அதிகம் பேசவே மாட்டார். உறுமுவார். சம்மதம், கோபம், வெட்கம், துக்கம், எல்லாத்துக்கும் ஒரு உறுமல். முதல் பத்து நிமிஷம் சிரிப்பா இருக்கும். போகப்போக எந்த உறுமலுக்கு என்ன அர்த்தம்னு நமக்கே புரிய ஆரம்பிச்சிடும்.

ஒரு சிவப்புப் பொட்டு

படத்துல எல்லாரும் ரசிக்கிற ஒரு சீன் இருக்கு. அதுக்குப் பின்னாடி இருக்கிற உண்மைக் கதையைச் சொல்றேன்.

ராயல் அகாடமியில் வருடாவருடம் கண்காட்சி நடக்கும். திறப்பதற்கு முன் சில நாட்கள் உறுப்பினர்களுக்கு மட்டும் அனுமதி. சுவரில் மாட்டிய தங்கள் ஓவியத்தில் கடைசித் திருத்தம் செய்து, வார்னிஷ் பூசிக்கொள்ளலாம். எல்லாப் பெரிய ஓவியர்களும் ஒரே ஹாலில், ஏணி போட்டு ஏறி நின்று வேலை செய்வார்கள். ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் பார்த்துக்கொண்டே இருப்பார். எவ்வளவு பொறாமை ஓடியிருக்கும்னு நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

1832இல் டர்னருடைய கடல் ஓவியம் ஒன்றும், ஜான் கான்ஸ்டபிள் வரைந்த வாட்டர்லூ பாலத் திறப்பு விழா ஓவியமும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டப்பட்டிருந்தன. கான்ஸ்டபிள் அந்த ஒரு படத்தோடு பத்து வருடத்துக்கும் மேலாக மல்லுக்கட்டியவர். கொடிகள், படகுகள், சிவப்பு, தங்கம் என்று ஜொலிக்கிற படம். டர்னருடையது சாம்பல் நிறக் கடல். டர்னர் வந்தார். இரண்டையும் பார்த்தார். தன் கடலின் நடுவில் ஒரு காசு அளவுக்குச் சிவப்பு வர்ணத்தை வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் போய்விட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு பொட்டுக்கு முன்னால் கான்ஸ்டபிளின் மொத்தச் சிவப்பும் மங்கிப்போய்த் தெரிந்தது. டர்னர் இங்கே வந்து துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று கான்ஸ்டபிள் நொந்து சொன்னதாகப் பதிவு இருக்கிறது. பிறகு டர்னர் திரும்பி வந்து, அந்தப் பொட்டைத் தண்ணீரில் மிதக்கும் ஒரு மிதவையாக மாற்றி முடித்தார்.

படத்துல இது ரெண்டு மூணு நிமிஷம்தான். ஆனா டர்னரோட மொத்தக் குணமும் இதுல இருக்கு. அவர் கண்ணுக்கு ஒரு படத்துல எங்க என்ன குறையுதுன்னு ஒரு நொடியில தெரிஞ்சிடுது. பக்கத்துல நிக்கிற மனுஷன் பத்து வருஷமா பட்ட பாடு அந்தக் கண்ணுக்குத் தெரியவே இல்ல.

கப்பலும் நீராவியும்

இப்ப அந்த ஜேம்ஸ் பாண்ட் ஓவியத்துக்கு வருவோம். அதில் இருக்கும் கப்பலின் பெயர் டெமரேர். 98 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல். 1805இல் டிரஃபால்கர் போரில் நெல்சனின் கப்பலுக்குத் துணையாக நின்ற கப்பல். பாய்மரக் கப்பல்களின் காலம் முடிந்த பிறகு, 1838இல் அதை உடைப்பதற்காக விற்றுவிட்டார்கள். தேம்ஸ் நதியில் நீராவி இழுவைப் படகுகள் அதை உடைக்கும் இடத்துக்கு இழுத்துச் சென்றன.

டர்னர் அதை 1839இல் ஓவியமாகக் காட்சிக்கு வைத்தார். வெளிறிய ஆவி மாதிரி ஒரு பெரிய கப்பல். அதற்கு முன்னால் கறுப்பாக, குட்டையாக, புகை கக்கிக்கொண்டு ஒரு நீராவிப் படகு. வலது பக்கம் எரிகிற மாதிரி சூரிய அஸ்தமனம். உண்மையில் அன்று இழுத்துப் போனவை இரண்டு படகுகள். கப்பலின் பாய்மரத் தூண்களை முன்பே கழற்றிவிட்டார்கள். டர்னர் அதை நேரில் பார்த்தார் என்பதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை. ஓவியத்தில் தூண்களைத் திருப்பி நட்டவர் டர்னர்தான். சாகப்போகிற கப்பலுக்குக் கடைசியாக ஒரு மரியாதை. இந்தப் படத்தை அவர் கடைசி வரை யாருக்கும் விற்கவில்லை.

திரைப்படத்துல டர்னர் நண்பர்களோட ஒரு சின்னப் படகுல போயிட்டிருக்கும்போது அந்தக் கப்பல் கடந்து போகும். பழையது போயிடுச்சேன்னு அவர் உக்காந்து அழல. அதுதான் எனக்குப் பிடிச்சது. டர்னருக்கு நீராவி மேல பயமும் இருந்துச்சு, காதலும் இருந்துச்சு. 1844இல், 69 வயதை நெருங்கும்போது, மழைக்குள் பாலத்தின் மேல் பாய்ந்து வரும் ரயிலை வரைந்தார். ரயில் என்பது அன்றைக்குப் புத்தம் புதிய விஷயம். அந்த வயசுல நம்மில் எத்தனை பேர் புது விஷயத்தை அவ்வளவு ஆசையா பார்ப்போம்?

அதே மாதிரி ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோ சீன். கேமரா அப்பதான் வந்திருக்கு. டர்னர் சந்தேகத்தோட போய் உக்கார்றார். வர்ணம் வருமான்னு கேக்குறார். வராதுன்னு பதில் கிடைச்சதும் அவர் முகத்துல ஒரு சின்ன நிம்மதி. ஏஐ படம் வரையுற காலத்துல இருக்கிற நமக்கு அந்த முகம் நல்லாவே புரியும்.

இந்தக் காலத்து ஓவியங்களை அன்றைய ரசிகர்கள் ரசிக்கவில்லை என்பதையும் படம் காட்டுகிறது. 1842இல் அவர் வரைந்த பனிப்புயல் ஓவியத்தைச் சோப்பு நுரை, சுண்ணாம்பு என்று கேலி செய்தார்கள். அதை வரைவதற்காகக் கப்பலின் பாய்மரத் தூணில் தன்னைக் கட்டச் சொல்லி, நான்கு மணி நேரம் புயலில் நின்றதாக டர்னரே சொல்லிக்கொண்டார். 65 வயதைத் தாண்டியவர். நடந்திருக்காது என்றுதான் பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். படம் அதை நடந்ததாகவே காட்டுகிறது. நாடக மேடையில் அவரைக் கிண்டல் செய்கிறார்கள், விக்டோரியா அரசியே அவர் படத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறார். அவர் கூட்டத்துல நின்னு கேட்டுட்டு, ஒரு உறுமலோட நகர்ந்து போறார். மறுநாள் மறுபடி வரையப் போறார்.

ஒளிப்பதிவாளர் டிக் போப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. டர்னரின் ஓவியங்களில் இருக்கும் அந்த மஞ்சள் ஒளியைப் படத்தின் நிறமாகவே ஆக்கியிருக்கிறார். மைக் லீ டிஜிட்டல் கேமராவில் எடுத்த முதல் படமும் இதுதான். இன்றைய மார்கேட் ஊர் ரொம்ப மாறிவிட்டதால், அந்தக் கடற்கரைக் காட்சிகளைக் கார்ன்வாலில் ஒரு சின்ன மீனவ கிராமத்தில் எடுத்தார்கள். சில ஃப்ரேம்ல இது படமா ஓவியமான்னு ஒரு செகண்ட் குழம்பிடும்.

இப்போ, ஹன்னா

முதல் தடவை நான் பார்த்தது இதையெல்லாம்தான். இப்ப அந்த நேயர் பார்த்ததைப் பார்ப்போம்.

ஹன்னா டேன்பி. டர்னர் வீட்டில் ஏறக்குறைய நாற்பது வருடம் வேலை பார்த்த பெண். கற்பனைப் பாத்திரம் இல்லை, நிஜமாக வாழ்ந்தவர். டர்னர் இளம் வயதில் உறவு வைத்திருந்த சாரா டேன்பி என்ற விதவையின் கணவர் வழிச் சொந்தம். ஹன்னாவுக்குத் தோல் நோய் இருந்தது. படத்தில் டோரதி அட்கின்சன் நடித்திருக்கிறார். ஆரம்பத்தில் கழுத்தில் லேசாக இருக்கும் அந்தச் சொறி, படம் போகப் போக முகம் வரை பரவும். நான் சொன்னேன் இல்ல, வருஷம் போறதை யாரும் சொல்ல மாட்டாங்கன்னு. இந்தப் படத்தோட காலண்டரே ஹன்னாவோட தோல்தான்.

டர்னர் அவங்ககிட்ட பேசறதில்ல. சாமான் எடுத்துட்டு வரச் சொல்வார். தோணுறப்போ, ஒரு வார்த்தை இல்லாம, அவங்க உடம்பைப் பயன்படுத்திக்குவார். புத்தக அலமாரிக்குப் பக்கத்துல ஒரு சீன் வரும். அதுலதான் அந்த நேயர் படத்தை நிறுத்தியிருப்பாங்கன்னு நினைக்கிறேன். முடிஞ்சதும் அவர் வேலையைப் பார்க்கப் போயிடுவார். ஹன்னா அங்கேயே நிப்பாங்க. அந்த முகத்துல இருக்கிறது வெறுப்பு இல்ல. அதுதான் நம்மளைக் கொல்லும். அவங்களுக்கு அவர் மேல பாசம். அந்தப் பாசம் அவருக்குத் தெரியவே தெரியாது.

அதே டர்னர், மார்கேட்டில் அறை வாடகைக்கு விடும் சோஃபியா பூத் என்ற விதவையோடு வேறு ஒரு மனிதராக இருக்கிறார். கொஞ்சுகிறார், சிரிக்கிறார், அவரோடு செல்சியில் ஒரு சின்ன வீட்டில் குடியேறி, அக்கம்பக்கத்தில் ‘மிஸ்டர் பூத்’ என்ற பெயரில் வாழ்கிறார். அந்தத் தெருவுக்கு அவர் ஒரு ஓய்வுபெற்ற கப்பல்காரர். இது சரித்திரத்தில் நிஜமாகவே நடந்தது. அவருக்கு அன்பு காட்டத் தெரியாதுன்னு நாம தப்பிச்சுக்க முடியாது. தெரியும். ஹன்னாகிட்ட காட்டல, அவ்வளவுதான்.

கடைசியில், அவருடைய கோட்டுப் பையில் கிடைத்த ஒரு கடிதத்தை வைத்து ஹன்னா அந்தச் செல்சி வீட்டைக் கண்டுபிடிக்கிறார். உடம்பு முழுக்க நோய், முக்காடு போட்டுக்கொண்டு அந்தத் தெரு வரை நடந்து போகிறார். அங்கே இன்னொரு பெண்ணோடு அவர் வாழ்வது தெரிகிறது. கதவைத் தட்டாமல் திரும்பி விடுகிறார்.

டர்னர் இறந்த பிறகு படம் இரண்டு பெண்களைக் காட்டி முடிகிறது. மிஸஸ் பூத் தன் வீட்டு ஜன்னலைத் துடைத்துக்கொண்டே, அவரை நினைத்து லேசாகச் சிரிக்கிறார். ஹன்னா அந்தப் பழைய வீட்டில், ஓவியக் கூடத்தில், தனியாக அலைகிறார். கடைசி ஷாட் அவருடையது. ஒரு பெரிய ஓவியரைப் பற்றிய படத்தை அவருடைய ஓவியத்திலோ கல்லறையிலோ முடித்திருக்கலாம். அவர் உடல் செயின்ட் பால் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது, அவ்வளவு பெரிய மரியாதை. மைக் லீ அங்க போகல. வீட்டு வேலை செஞ்ச பொண்ணுகிட்ட கேமராவை விட்டுட்டுப் போயிட்டார்.

இதில் எவ்வளவு உண்மை?

நியாயமா ஒண்ணு சொல்லிடணும். டர்னருக்கும் ஹன்னாவுக்கும் நடுவில் அப்படி ஓர் உறவு இருந்ததற்கு நேரடி ஆதாரம் கிடையாது. அது ஊகம். அவர் உயிலில் ஹன்னாவுக்கு ஆண்டுத் தொகை எழுதி வைத்திருந்தார் என்பது தெரியும். சாராவின் இரண்டு மகள்களை அவர் தன் பிள்ளைகளாக வெளியில் ஏற்றுக்கொண்டதில்லை. விமர்சகர் ஜான் ரஸ்கினைப் படம் ஒரு கோமாளி மாதிரி காட்டியதில் பலருக்கு வருத்தம். ஊரே கேலி செய்தபோது டர்னருக்காகப் புத்தகம் எழுதி வாதாடியவர் அவர், அதுவும் 24 வயதில்.

இன்னொரு விஷயத்தையும் ஹன்னாவைப் பற்றிப் பேசும்போது சொல்ல வேண்டியிருக்கிறது. 1840இல் டர்னர் ஓர் அடிமைக் கப்பலை வரைந்தார். சாகக் கிடக்கிற மனிதர்களைக் கடலில் வீசுகிற கப்பல். ரத்தச் சிவப்பான வானம், தண்ணீரில் சங்கிலி மாட்டிய ஒரு கால். அந்த அநியாயத்தை அவ்வளவு கோபமாக வரைந்த ஓவியங்கள் குறைவு. அதே டர்னர் 1805இல், இளம் வயதில், ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பில் நடந்த ஒரு பண்ணையில் 100 பவுண்டு முதலீடு செய்தவர். மனம் மாறியிருக்கலாம், மாறியிருக்கணும். ஆனா ரெண்டும் ஒரே மனுஷன் செஞ்சதுதான்.

சாகும்போது தன்னிடம் இருந்த ஓவியங்களை அவர் நாட்டுக்கே எழுதி வைத்தார். பெரிய தொகை கொடுத்து மொத்தத்தையும் வாங்கிக்கொள்ள ஒரு பணக்காரர் வருவதும், அவர் மறுப்பதும் படத்தில் இருக்கிறது. உறவினர்கள் உயிலை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். வறுமையில் வாடும் ஓவியர்களுக்கு இல்லம் கட்டணும் என்ற அவருடைய ஆசை நிறைவேறவே இல்லை. ஆனால் ஓவியங்கள் மக்களுக்கு வந்து சேர்ந்தன. சுமார் 300 எண்ணெய் ஓவியங்கள், ஆயிரக்கணக்கான கோட்டோவியங்கள், நீர்வண்ணங்கள். பெரும்பகுதி இன்று லண்டன் டேட் பிரிட்டனில் இருக்கிறது. பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள்.

அந்த நேயருக்கு என் பதில்

மூணாவது தடவை பார்த்தப்போ எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. ஹன்னா முகம் எனக்கு ஏன் ஞாபகம் இல்லைன்னா, படத்துல டர்னர் அவங்களைப் பார்க்காத மாதிரியே நானும் பார்க்கல. அவங்க ஃப்ரேம்ல எப்பவும் இருந்திருக்காங்க. கதவோரமா, படிக்கட்டுக்குக் கீழ. நான் அவங்களைத் தாண்டி ஓவியத்தைப் பார்த்துட்டு இருந்திருக்கேன்.

இதைச் சொல்லும்போது எங்க வீட்டைப் பத்தியும் சொல்லணும். நான் பொறந்ததுல இருந்து காலேஜ் முடிக்கிற வரைக்கும் எங்க வீட்டுல ஒரு அக்கா வேலை பார்த்தாங்க. எனக்கு அம்மை போட்டப்போ வேப்பிலை கொண்டு வந்தவங்க. ஸ்கூல் வேன் வர்ற வரைக்கும் என்கூட வாசல்ல நின்னவங்க. அவங்களுக்குன்னு ஒரு தனி எவர்சில்வர் டம்ளர், பின்பக்க ஜன்னல் திட்டுல கவுத்து வச்சிருக்கும். சாயங்காலம் சீரியல் பார்ப்பாங்க. ஹால் வாசல்ல, கதவுல சாஞ்சு நின்னபடியே. அவங்களை உக்காருங்கன்னு யாரும் சொல்லி எனக்கு ஞாபகம் இல்ல. நானும் சொன்னதில்ல. எங்க வீட்டுல எல்லாரும் நல்லவங்கதான். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பாங்க. அந்த டம்ளரைப் பத்தி மட்டும் யாரும் எதுவும் பேசினதில்ல.

படம் முடிஞ்ச அன்னைக்கு அம்மாவுக்கு ஃபோன் பண்ணேன். “அந்த அக்கா இப்ப எங்கம்மா இருக்காங்க?”ன்னு கேட்டேன். “அவங்க இருந்த இடத்தைக் காலி பண்ணிட்டாங்களே, பெரும்பாக்கம் போய்ட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், எதுக்குக் கேக்குற?”ன்னு அம்மா கேட்டாங்க. எதுக்குன்னு எனக்குச் சொல்லத் தெரியல. நம்பர் இருக்கான்னு கேட்டேன். இல்லைன்னாங்க. இருபது வருஷத்துக்கும் மேல எங்க வீட்டுக்குள்ள இருந்தவங்க, எங்ககிட்ட அவங்க நம்பர் இல்ல.

அதனால அந்த நேயருக்கு நான் சொல்றது: நீங்க படத்தை நிறுத்தினது தப்பே இல்ல. நீங்க ஹன்னாவைப் பார்த்தீங்க. நான் முதல் தடவை பார்க்காததை நீங்க பார்த்தீங்க. அழகான படம்னு நான் சொன்னதை வாபஸ் வாங்கல. ஆனா அரைகுறையா சொல்லிட்டேன். அந்த வெளிச்சமும் நிஜம், கதவோரம் நிக்கிற ஹன்னாவும் நிஜம். ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை மன்னிச்சுடுங்கன்னு இந்தப் படம் கேக்கல. இவர் மேதை, அதனால பரவாயில்லைன்னு எந்த இடத்துலயும் சொல்லல. ரெண்டையும் ஒரே வீட்டுக்குள்ள வச்சுட்டு, கடைசி ஷாட்டை ஹன்னாவுக்குக் கொடுத்திருக்கு. முடிஞ்சா, மனசு இருந்தா, அந்தக் கடைசி பத்து நிமிஷத்தை மட்டுமாவது பாருங்க. இல்லைன்னாலும் சரி.

மத்தவங்களுக்கு ஒரு சின்ன யோசனை. படம் பார்க்கும்போது, டர்னர் வீட்டுச் சீன் வர்றப்போ எல்லாம் ஹன்னா எங்க நிக்கிறாங்கன்னு மட்டும் பாருங்க. படம் வேற மாதிரி தெரியும். ஃபோன்ல பார்க்காதீங்க, கிடைக்கிற பெரிய திரையில, விளக்கை அணைச்சுட்டுப் பாருங்க. மெதுவா போகுதுன்னு ஓட்டிடாதீங்க.

படத்துல டர்னர் சாகும்போது, சூரியன்தான் கடவுள்னு சொல்லிட்டுச் சாவார். அவர் நிஜமாவே அப்படிச் சொன்னாரான்னு இன்னைக்கும் பேச்சு இருக்கு. சொல்லியிருந்தாலும் ஆச்சரியம் இல்ல. வாழ்க்கை முழுக்க அதை மட்டுமே பார்த்துட்டு இருந்தவர்.

பெரும்பாக்கத்துல விசாரிக்கச் சொல்லி ஒரு ஃப்ரெண்டுகிட்ட சொல்லியிருக்கேன். ஏதாவது தெரிஞ்சா சொல்றேன். உங்க கருத்துகளை வழக்கம்போல வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க, திட்டி அனுப்பினாலும் பரவாயில்ல, இந்த எபிசோடே அப்படி வந்ததுதான். அடுத்த வாரம் பார்ப்போம்.